முறை வராத மசோதா: பீர்மேடு தோட்டக் குடும்பங்களின் வீட்டுப் பிரச்சினை – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இடுக்கி மாவட்டம் பீர்மேடு தாலுகாவின் வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை, உப்புத்தறை வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள். கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கத்திலிருந்தும், தெற்கே சங்கரன்கோவில், கோவில்பட்டி பக்கத்திலிருந்தும் மலையேறியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தேவிகுளத்தைப் போலவே பீர்மேடும் கேரளத்தில் நின்றது. குமுளி வழியாக இறங்கினால் தமிழ்நாடு. ஆனால் அங்கே இவர்களில் பலருக்கு ஒரு சென்ட் நிலமும் இல்லை. உறவினர் வீட்டுத் திண்ணை மட்டும் உண்டு.

இவர்கள் குடியிருப்பது லயத்தில். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். ஒவ்வொன்றிலும் ஓர் அறை, ஒரு சமையலறை, முன்னால் சிறு தாழ்வாரம். வேலையில் இருக்கும்வரை வீட்டுக்கு வாடகை கிடையாது. ஓய்வு பெற்றதும் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேயிலை விலை சரிந்தபோது இந்தத் தாலுகாவில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. சில பின்னர் கைமாறித் திறந்தன. சில அரைகுறையாக ஓடின. இந்த ஆய்வில் வரும் தோட்டம் அப்படி அரைகுறையாக ஓடிய ஒன்று. தோட்டத்தின் பெயரும் அங்குள்ளவர்களின் பெயர்களும் இங்கே தேவையில்லை. நான் அந்தக் காலத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்கு மனு எழுதுவது, ஆவணம் திரட்டுவது போன்ற சட்ட உதவிப் பணியில் இருந்தேன். பின்வருவன அந்த இடத்திலிருந்து பார்த்தவை.

கவனித்தவை

2018 ஆகஸ்ட் பெருமழையில் இந்தத் தோட்டத்தின் ஒரு லயத்தில் பின்சுவர் சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. சில வாரங்களில் நிர்வாகத்திடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது: கட்டடம் பாதுகாப்பற்றது, ஓய்வு பெற்றவர்கள் உடனே காலி செய்ய வேண்டும். வேலையில் இருப்பவர்களுக்கு வேறு லயத்தில் இடம் காட்டினார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு எதுவும் இல்லை.

அவர்களில் பெரும்பாலானோருக்குப் பணிக்கொடையே (ஓய்வின்போது முதலாளி தர வேண்டிய கிராஜுவிட்டி) வந்துசேரவில்லை. அலுவலகத்தில் கேட்டால் சாவியைக் கொடுத்தால் காசோலை என்றார்கள். இவர்கள் தரப்பில், காசோலை வந்தால்தான் கம்பத்திலோ குமுளியிலோ அட்வான்ஸ் கொடுத்து ஒரு வாடகை வீடாவது பிடிக்க முடியும். இரு தரப்பும் அசையவில்லை, மாதங்கள் ஓடின.

தொகை எவ்வளவு என்று தெரிந்தால்தான் இந்த இழுபறியின் கனம் புரியும். ஓராண்டுச் சேவைக்கு 15 நாள் ஊதியம் என்பது பணிக்கொடைக் கணக்கு. 2015-ல் மூணாறு தோட்டப் பெண்கள் தெருவில் உட்கார்ந்து நடத்திய போராட்டத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத் தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. அந்த 301 ரூபாயைக் கடைசிக் கூலியாகப் பெற்று, 30 ஆண்டு கொழுந்து கிள்ளிய ஒருவருக்குச் சேர வேண்டியது 1,35,450 ரூபாய். ஓர் ஆயுளின் உழைப்புக்கு இதுதான் கணக்கு. அதையும் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

ஓய்வு பெற்ற பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். கங்காணி (தொழிலாளர்களை மேற்பார்க்கும் ஆள்) குடும்பத்தைச் சேர்ந்த, தொழிற்சங்கத்தில் நீண்டகாலம் இருந்த ஒரு பெரியவர் துணை நின்றார். எல்லோரும் அவரை ‘தோழர்’ என்றே அழைத்தார்கள். கலெக்டர் அலுவலகம், தொழிலாளர் துறை, பஞ்சாயத்து என்று மனுக்கள் போயின. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மலையாளத்தில் பதில்கள் வந்தன. அந்தச் சமயத்தில்தான் தோழர், வேறு மாவட்டத் தொகுதி ஒன்றின் சட்டமன்ற உறுப்பினரைச் சந்திக்கலாம் என்றார். தோட்டத் தொழிலாளர் பிரச்சினையில் அவருக்கு ஈடுபாடு உண்டு. தனிநபர் மசோதாக்கள் கொண்டுவந்த அனுபவமும் இருந்தது.

ஏன் மசோதா

அமைச்சர் அல்லாத எந்த உறுப்பினர் கொண்டுவந்தாலும் அது தனிநபர் மசோதாதான். அவர் ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்பது பொருட்டல்ல. மக்களவையில் வெள்ளிக்கிழமை பிற்பகலில் கடைசி இரண்டரை மணி நேரம் தனி உறுப்பினர் அலுவல்களுக்கு உரியது. கேரளச் சட்டமன்றத்திலும் வெள்ளிக்கிழமைதான் அந்த நாள். அதிலும் மசோதாவும் தீர்மானமும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் கூட்டத்திலேயே குழுவின் மூத்த பெண் ஒருவர் நேராகக் கேட்டார்: “எம்.எல்.ஏ. சார், இது சட்டமாகுமா?”

“ஆகாது, அம்மச்சி,” என்றார் உறுப்பினர், மலையாளத்தில். “ஆகும் என்று சொன்னால் அது பொய்.”

அவர் அப்படிச் சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன். நாடாளுமன்ற வரலாற்றில் இதுவரை 14 தனிநபர் மசோதாக்களே சட்டமாகியிருக்கின்றன. கடைசியாக நிறைவேறியது 1970-ல், உச்ச நீதிமன்றத்தின் குற்றவியல் மேல்முறையீட்டு அதிகாரத்தை விரிவாக்கிய மசோதா. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சட்டமன்றங்களிலும் அரசு தானாக ஏற்றுக்கொண்டாலன்றித் தனிநபர் மசோதா கரை சேர்வது அரிது.

பிறகு எதற்கு அந்த உழைப்பு? கேள்வி நேரத்தில் கேட்டால் ஒரு பதில் கிடைக்கும், அத்தோடு முடியும். கவன ஈர்ப்பு கொடுத்தால் ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்பார்கள். மசோதாவில் கோரிக்கை பிரிவு பிரிவாக எழுதப்பட்டுவிடுகிறது. அதை மறுக்க நினைக்கும் அரசு எந்தப் பிரிவை, ஏன் மறுக்கிறது என்று சொல்லியாக வேண்டும். இதுதான் உறுப்பினரின் வாதம்.

அவர் காட்டிய உதாரணம் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. திருநர் உரிமைகளுக்காக மாநிலங்களவையில் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24-ல் அந்த அவையில் நிறைவேறியது. 45 ஆண்டுகளில் மாநிலங்களவை நிறைவேற்றிய முதல் தனிநபர் மசோதா அது. மக்களவையில் நிறைவேறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அரசால் அந்தப் பொருளைத் தள்ளிவைக்க முடியவில்லை. 2016-ல் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அது இன்னும் சட்டமாகவில்லை. பின்னர் அது காலாவதியாகி, 2019-ல் மீண்டும் கொண்டுவரப்பட்ட மசோதா அந்த ஆண்டே சட்டமானது. சிவாவின் மசோதாவில் இருந்த இடஒதுக்கீடு அரசின் சட்டத்தில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தனி உறுப்பினர் கதவைத் திறந்துவிட்டால் உள்ளே வருவது அவர் நினைத்த உருவில்தான் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது.

குழு ஒப்புக்கொண்டது. மசோதாவை நம்பி மற்ற வேலைகளை நிறுத்தக் கூடாது என்று தோழர் ஒரு நிபந்தனை வைத்தார், எல்லோரும் ஏற்றார்கள்.

வரைவு எழுதியபோது தெரிந்தவை

குழு முதலில் கேட்டது ஒரே வரிதான்: ஓய்வு பெற்ற எல்லாத் தொழிலாளிக்கும் வீடு வேண்டும். நியாயமான கோரிக்கை. அதைச் சட்ட வாசகமாக எழுத உட்கார்ந்தபோது தடைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. இந்த நிகழ்விலிருந்து மற்றவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது அதிகம் இருப்பது இந்தக் கட்டத்தில்தான்.

முதல் தடை அதிகார வரம்பு. தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் உள்ளது. மத்திய அரசைப் போலவே மாநிலமும் சட்டம் இயற்றலாம். ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பைப் பற்றி 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் என்ற மத்தியச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. மாநிலச் சட்டம் அதனோடு முரண்பட்டால், அரசமைப்பின் 254(2) பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால்தான் அந்த மாநிலத்தில் நிற்கும்.

இரண்டாவது பணம். அரசு வீடு கட்டித்தர வேண்டும் என்று எழுதினால் அது மாநிலத்தின் தொகுநிதியிலிருந்து, அதாவது அரசின் பொதுக் கணக்கிலிருந்து செலவு. அப்படிப்பட்ட மசோதாவை ஆளுநரின் பரிந்துரையின்றி அவை நிறைவேற்ற முடியாது என்கிறது அரசமைப்பின் 207(3) பிரிவு. ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். ஆக, எந்த அரசை நெருக்க மசோதா எழுதுகிறோமோ, அந்த அரசின் சம்மதம் இல்லாமல் அது இறுதிக் கட்டத்தைத் தாண்டாது. தனி உறுப்பினர்களின் முயற்சிகள் பல முடங்குவது இந்த இடத்தில்தான். வெளியே யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

மூன்றாவது தடை என்று நினைத்ததுதான் வழியாக மாறியது. 1951 சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தோட்டத்தில் வசிக்கும் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு கொடுத்துப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்றது. ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் ஓய்வு பெற்றவர் வர மாட்டார். அதைத் திருத்தத்தான் முதலில் முனைந்தோம். உடன் உழைத்த இளம் வழக்கறிஞர் ஒருவர் ‘குடும்பம்’ என்பதற்கான வரையறையைப் படித்துவிட்டு நிறுத்தினார். தொழிலாளியைச் சார்ந்திருக்கும் பெற்றோரும் அதில் அடங்குவர்.

அதாவது, மகனோ மகளோ அதே தோட்டத்தில் வேலை பார்த்தால், அவரை நம்பி வாழும் ஓய்வு பெற்ற தாய்க்கு அந்த வீட்டில் இருக்க ஏற்கெனவே உரிமை உண்டு. புதுச் சட்டம் வேண்டியதில்லை. சரிந்த லயத்தில் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த வகையினர். காலி செய்யச் சொன்ன அறிவிப்பு அவர்களையும் வெறும் ‘ஓய்வு பெற்றவர்’ கணக்கில் சேர்த்திருந்தது.

பணிக்கொடையிலும் இதே கதை. 1972-ன் பணிக்கொடைச் சட்டத்தின்படி, தொழிலாளி விண்ணப்பித்தாலும் விண்ணப்பிக்காவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டு அறிவிப்பது முதலாளியின் பொறுப்பு, 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் வட்டி. வீட்டுச் சாவி என்ற நிபந்தனை அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. (குடியிருப்பைக் காலி செய்யாதவரின் பணிக்கொடையிலிருந்து அபராத வாடகையைக் கழிப்பது பற்றி நீதிமன்றங்கள் எப்போதும் ஒரே மாதிரி தீர்ப்பளித்ததில்லை. எனவே இந்த வாதத்தை முன்வைப்பவர்கள் தங்கள் வழக்கின் விவரங்களோடு வழக்கறிஞரைக் கலந்துகொள்வது நல்லது.)

ஒற்றைக் கோரிக்கையாக இருந்தது இப்போது மூன்றாகப் பிரிந்தது. தோட்டத்தில் வேலை செய்யும் பிள்ளை உள்ளவர்கள்: உரிமை இருக்கிறது, அமல் இல்லை. பணிக்கொடை வராதவர்கள்: உரிமை இருக்கிறது, வசூல் இல்லை. பிள்ளைகள் திருப்பூருக்கோ கோவைக்கோ போய்விட்டவர்கள், பிள்ளையே இல்லாதவர்கள்: இவர்களுக்குத்தான் சட்டத்தில் எந்த இடமும் இல்லை. உண்மையில் மசோதா தேவைப்பட்டது இந்த மூன்றாவது பிரிவினருக்கு.

மசோதாவைச் சுருக்கும் முடிவு

உறுப்பினரின் யோசனைப்படி வரைவு மூன்று பிரிவுகளாகச் சுருங்கியது. பணிக்கொடை முழுதாகக் கையில் கிடைத்து ஒரு குறிப்பிட்ட காலம் கழியும்வரை ஓய்வு பெற்றவரை வெளியேற்றக் கூடாது. அதுவரை கட்டடத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை. பிள்ளைகளின் துணையில்லாத முதியோரின் பட்டியலை ஆண்டுதோறும் தோட்ட ஆய்வாளர் தயாரித்து அரசுக்கு அளிக்க வேண்டும். வீடு கட்டும் செலவு இதில் இல்லை; ஆகவே தொகுநிதிச் சிக்கல் பெருமளவு தவிர்க்கப்பட்டது.

இதில் குழுவுக்குள் மனக்கசப்பு வந்தது. “எங்களுக்கு வீடு கேட்கப் போய், பட்டியல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்” என்றார் ஒரு பாட்டி. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. அவரது கோபம் சரியானது. மசோதா சுருங்கும்போது, அதிகம் தேவைப்படுகிறவருக்கே குறைவாகக் கிடைத்தது. இருந்தும் சுருக்கியதுதான் சரியான முடிவு என்பது என் கருத்து. அகலமான மசோதா ஆளுநர் பரிந்துரைக்கான கடிதப் போக்குவரத்திலேயே நின்றுபோயிருக்கும். அந்தப் பாட்டிக்கு அந்தப் பட்டியல்கூட எழுத்தில் வந்திருக்காது.

அறிவிப்பும் காத்திருப்பும்

வரைவும், நோக்கங்கள் காரணங்கள் பற்றிய விளக்கமும், நிதிக் குறிப்பாணையும் சட்டமன்றச் செயலகத்துக்குப் போயின. செயலகம் விளக்கம் கேட்டுத் திருப்பியது: ஆய்வாளர் பட்டியல் தயாரிப்பதற்குக் கூடுதல் செலவு உண்டா? மத்தியச் சட்டத்தோடு முரண் உண்டா? திருத்தி மீண்டும் அனுப்பப்பட்டது. கூட்டத்தொடர்கள் வந்தன, போயின. தனி உறுப்பினர் அலுவலுக்கான நாட்கள் சில, காத்திருந்த மசோதாக்கள் பல. எங்கள் முறை வரவில்லை.

2020-ல் கொரோனா. கூட்டத்தொடர்கள் சுருங்கின. அந்த ஆண்டு ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் பலியானார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்களும் அவர்களின் குழந்தைகளும். சில நாட்களுக்கு லயம் என்பது மாநிலம் முழுவதும் பேசப்பட்டது. உறுப்பினர் அந்த வாரமே எங்கள் வரைவைத் தொழிலாளர் துறைக்குத் தனிக் கடிதத்தோடு அனுப்பினார். மசோதாவாக வைத்திருந்த வாசகத்தை, நிர்வாக உத்தரவாகக் கொண்டுவரக்கூடிய பகுதி, சட்டத்திருத்தம் தேவைப்படும் பகுதி என்று இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார்.

2021-ல் தேர்தல் வந்தது. சட்டமன்றம் கலைந்தால் நிலுவையிலுள்ள மசோதாக்கள் காலாவதியாகும். அறிமுகமே ஆகாத எங்கள் வரைவும் அத்தோடு முடிந்தது.

இணையாக நடந்தவை

பணிக்கொடைக்கான விண்ணப்பங்களை மசோதா வேலை நடந்தபோதே நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பத் தொடங்கியிருந்தோம். பதில் வராத இடத்தில், பணிக்கொடைச் சட்டத்தின் கீழுள்ள கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனு. காலக்கெடு தாண்டியிருந்தது, போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு என்பது உதவியது.

சேவைக் காலத்தை நிரூபிப்பதுதான் கடினமாக இருந்தது. தோட்டம் கைமாறியபோது பழைய செக்ரோல் புத்தகங்கள் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடுகள்) காணாமல் போயிருந்தன. வருங்கால வைப்புநிதிப் பதிவுகள், பழைய சம்பளச் சீட்டுகள், சங்கச் சந்தா ரசீதுகள் ஆகியவற்றை வைத்து ஆண்டுகளைக் கோத்தோம். ஒரு பெண் தகரப் பெட்டியின் அடியில் முப்பது ஆண்டுச் சம்பளச் சீட்டுகளையும் அடுக்கி வைத்திருந்தார். அவருடைய மனுவில்தான் முதல் உத்தரவு வந்தது.

சிலருக்கு வட்டியோடு தொகை கிடைத்தது. சிலருக்கு உத்தரவு மட்டும் கிடைத்தது; நிர்வாகம் கட்டவில்லை. நிலவரிப் பாக்கி போல வசூலிக்க கலெக்டருக்குச் சான்று அனுப்பலாம் என்கிறது சட்டம். சான்றும் போனது. ஆனால் தோட்ட நிலம் வங்கிக் கடனிலும் வழக்கிலும் சிக்கியிருந்தது.

தொழிலாளர் துறையிலிருந்து உறுப்பினருக்கு ஒரு பதில் கடிதம் வந்தது. தோட்டத்தில் வேலை செய்யும் தொழிலாளியைச் சார்ந்த பெற்றோர், சட்டப்படி குடும்பத்தினரே. அவர்களை ஓய்வு பெற்றவர் என்ற காரணத்துக்காக மட்டும் வெளியேற்றக் கூடாது என்பது அதன் சாரம். ஒரு பக்கக் கடிதம். தோழர் அதன் நகலை மஸ்டர் (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) நடக்கும் இடத்தில் ஒட்டினார். அந்த வகைக் குடும்பங்களுக்குக் காலி செய்யச் சொல்லி அதற்குப் பின் அறிவிப்பு வரவில்லை. சிலருக்கு மாற்று லயத்திலும் இடம் கிடைத்தது.

அடுத்த முறை செய்ய வேண்டியவை

ஆவணங்களைத் திரட்டுவது மசோதா யோசனைக்கு முன்பே தொடங்க வேண்டும். யாருக்குப் பிள்ளை வேலையில் இருக்கிறது, யாருக்குத் தொகை பாக்கி, யாருக்கு எதுவுமில்லை என்ற கணக்கு கையில் இருந்திருந்தால், முதல் கூட்டத்திலேயே குறுகிய மசோதாவைப் பற்றிப் பேசியிருக்கலாம்.

ஒரே உறுப்பினரை நம்பியிருப்பதற்குப் பதில், இரு அணிகளிலிருந்தும் ஒவ்வொருவரிடம் அதே வாசகத்தைக் கொடுப்பது நல்லது. தேர்தலுக்குப் பின் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பொருளை எடுத்துப் பேச ஓர் ஆள் இருப்பார். துறைக்கான கடிதத்தையும் மசோதா அறிவிப்போடு அன்றைக்கே அனுப்ப வேண்டும். அதற்குப் பெட்டிமுடி போன்ற ஒரு துயரம் நேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மசோதா அவைக்கு வந்து அமைச்சர் வாக்குறுதி கொடுத்தால், சட்டமன்றத்தின் அரசு உறுதிமொழிகளுக்கான குழுவிடம் அதைத் தொடர்வது யார் என்பதையும் முன்கூட்டியே பிரித்துக்கொள்ள வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1951 சட்டமும் 1972 சட்டமும் அவற்றுக்குள் போய்விட்டன. இந்த ஆய்வில் வரும் பிரிவு எண்களைப் புதிய மனுக்களில் அப்படியே எழுதக் கூடாது. வரையறைகளைப் புதிய தொகுப்பில் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போதைய நிலை

பணிக்கொடை மனுக்களில் சில இன்னும் கலெக்டர் வழியான வருவாய் மீட்பில் நிற்கின்றன. பிள்ளைகளின் துணையில்லாத முதியோரில் சிலர் கம்பம் பக்கம் உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். பட்டியலைப் பற்றிக் கோபப்பட்ட பாட்டி லயத்திலேயே இருந்தார். சுவரைப் பஞ்சாயத்து உதவியோடு பக்கத்து வீட்டுக்காரர்கள் கட்டிக் கொடுத்தார்கள். மூன்று பிரிவுகள் கொண்ட வரைவைப் புதிய தொகுப்புகளுக்கு ஏற்பத் திருத்தும் வேலையை அந்த வழக்கறிஞர் தொடங்கியிருக்கிறார். ஆய்வாளர் பட்டியல் பற்றிய பிரிவை முதல் பிரிவாக வைக்கச் சொல்லியிருக்கிறது குழு.